சங்கத்துக்கு ஒரு வலைத்தளம்: எதில் கட்டுவது?

போன பொங்கல் விழாவில் ஒரு மாமி என்னிடம் வந்து, "நம்ம சங்க வெப்சைட்ல எங்க வீட்டுக்காரர் பேசின பேச்சு இருந்ததே, அதை எடுத்துத் தர முடியுமாப்பா?" என்று கேட்டார். அவர் கணவர் காலமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்தால், யாரோ முகம் தெரியாதவர்களின் விளம்பரம்!

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. 2004-ல் அதைச் செய்து கொடுத்த தம்பி வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். தளத்தின் பெயர் அவருடைய பழைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களை யாரும் பார்க்கவில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத்திலும் அந்த ஒலிப்பதிவு இல்லை. மாமிக்கு நான் கொடுக்க முடிந்தது, அந்த ஆண்டு மலரில் அச்சான இரண்டு பக்கம் மட்டுமே.

புதுத் தளம் அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முன்பு ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு. விழாத் தேதியை மாற்றவும் கணினி தெரிந்தவர் வேண்டும். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்பது கொலுப்படி மாதிரி. படியை ஒரு தடவை கட்டிவிட்டால், பொம்மையை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். எழுதியது தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் தனியாக இருக்கும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று பிரபலம். ட்ரூபல், பெல்ஜியத்தைச் சேர்ந்த டிரீஸ் பாய்டார்ட் 2001-ல் வெளியிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது, ஆனால் கற்பது சிரமம். அதன் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் நின்றபோது, பலர் தளத்தையே திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. ஜூம்லா, மாம்போ என்பதிலிருந்து 2005-ல் பிரிந்தது, நடுத்தரம். வேர்ட்பிரஸ் 2003-ல் வந்தது. இன்று உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆகவே உதவிக்கு ஆள் கிடைப்பது சுலபம்.

நாங்கள் வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்தோம். காரணம், எங்கள் செயலாளர் அம்மா அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டார்! ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. பார்த்ததையெல்லாம் செருகுநிரலாகச் சேர்க்கக் கூடாது. திருடர்கள் பெரும்பாலும் நுழைவது அந்த வழியாகத்தான். நாங்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம். வருடத்துக்கு இரண்டு தடவைதான் மாற்றம் செய்வோம் என்றால், தரவுத்தளமே இல்லாத சாதாரண நிலைப்பக்கங்கள் போதும், பாதுகாப்பும் அதிகம்.

தமிழுக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பழைய கட்டுரைகள் தகுதரம் போன்ற குறியேற்றங்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தேடினால் அகப்படாது. இரண்டு, பக்க முகவரியைத் தமிழில் விடாதீர்கள். 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஐந்து குறி. முகவரியில் ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரிந்து மொத்தம் 45 ஆகிறது. வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் தருகிறது. அதனால் நீண்ட தலைப்பு பாதியில் வெட்டுப்படும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

எதில் கட்டுகிறோம் என்பதைவிட, சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம். பெயர்ப் பதிவு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை முழுப் பிரதி எடுத்து, வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். நிர்வாகக் குழு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் கைமாற்ற வேண்டும்.

புதுத் தளத்தின் முதல் பதிவு, மலரில் வந்த அந்த இரண்டு பக்கம்தான். தட்டச்சு செய்து ஏற்றியவர் மாமியே. குரல் போனது போனதுதான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மலரோ, கேசட்டோ இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுவோம்.