மேசைமேல் ஒரு செம்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த பத்துப் பதினைந்து வருஷங்களில், நம் ஊர் உயர்நிலைப் பள்ளிகளில் டிராயிங் வகுப்பு என்றால் மேசைமேல் ஒரு செம்பு இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கூஜா. சேத்தியாத்தோப்பில் வளர்ந்த என் அப்பா அப்படி வரைந்து பழகியவர். நான் ஓவிய ஆசிரியை ஆனதும் அதை எனக்குச் செய்து காட்டினார்.

கையை முழுக்க நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பென்சில் நுனியைச் செம்பின் விளிம்போடு பொருத்தி, அடிப்பாகம் தெரிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தால் அதுதான் உயரம். கையை மடக்காமலே பென்சிலைப் படுக்கவைத்து அகலத்தையும் அளப்பார்கள். பிறகு தாளில் நடுக்கோடு. இடப்பக்க வளைவை முதலில் போட்டு, அதே தூரத்தில் வலப்பக்கத்தை இறக்க வேண்டும். செம்பின் வாய் வட்டம்தான், ஆனால் கண்ணுக்கு நீள்வட்டமாகத் தெரியும். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். ஸ்கேலைத் தொடக் கூடாது.

இது வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சி, ஓரத்தில் மண் படிந்ததும் மிச்சத்தை வடித்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு ஓடும். அதைச் சுரண்டும்போது கன்னத்தின் வளைவு எங்கே கெடுகிறது என்று கண் சொல்ல வேண்டும். நடுக்கோடு போட்டுப் பழகிய கண் சொல்லும்.

அந்த வகுப்பில் இல்லாமல் போனது வேறு. வெள்ளாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்த பிள்ளைக்கு அதை வரைய இடமில்லை. அதே காலத்தில்தான் சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், 1944-இல் காந்தியின் சேவாகிராமத்துக்குப் போய், பிள்ளைகளைத் தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் வரையவிட்டார். 1949-இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி தொடங்கினார். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ரீட், கலை வழியாகவே கல்வி என்று 1943-இலேயே புத்தகம் எழுதியிருந்தார். அந்தக் காற்று எங்கள் பக்கம் வந்துசேர வெகுகாலம் ஆனது.

என் வகுப்பில் முதலில் செம்பு, பிறகு அவரவர் இஷ்டம். ஓவியத்தில் லோயர், ஹையர் கிரேடு அரசுத் தேர்வுக்கு உட்காருகிற பிள்ளைகளுக்கு நடுக்கோடு இன்றைக்கும் உதவுகிறது. வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.