வளரும் பாம்புக்கு ஏற்ற பெட்டி

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு மலைப்பாம்பு புதிய உயிரினம் அன்று. இரவில் கோழிக்கூண்டுக்குள் புகுந்து கோழியை விழுங்கிய பாம்பு, வயிறு புடைத்துவிட்டதால் வந்த இடுக்கு வழியே வெளியேற முடியாமல் காலைவரை அங்கேயே சுருண்டு கிடப்பதுண்டு. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்ட பின்னரும், எலிகளைத் தேடி அது அங்கேயே வாழ்கிறது. மலாய்மொழியில் ‘உலார் சாவா பாத்தேக்’ எனப்படும் இந்தப் பாம்பே உலகின் மிக நீளமான பாம்பினமாகும்.

தோட்டத்தில் அகப்படும் குட்டி சிறியதாகவும் அழகாகவும் இருக்கும். ஆயினும், அதனை வீட்டுக்குக் கொண்டுவருதல் தவறு. சில ஆண்டுகளிலேயே அது மூன்று மீட்டரைத் தாண்டக்கூடும். மேலும், அது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படும் விலங்காகும். ஈப்போ போன்ற நகரங்களில் மலைப்பாம்பு வளர்ப்போர் பெரும்பாலும் விரும்புவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பையே. அஞ்சும்போது தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. முழு வளர்ச்சி அடைந்தாலும் அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். இதனை வளர்க்கவும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் தேவை. பாம்பை வாங்குவதற்கு முன்னரே உரிமத்தைப் பற்றி விசாரிப்பது நல்லது.

அடுத்து எழும் கேள்வி பெட்டியைப் பற்றியது. எப்படியும் வளரப் போகிறதே என எண்ணிச் சிலர் தொடக்கத்திலேயே பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்கி, அதில் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் வைத்துக் குட்டியை விடுகின்றனர். குட்டி வாரக்கணக்கில் இரை தொடாமல் கிடக்கிறது. காட்டில் குட்டிப் பாம்பைப் பருந்தும் கீரியும் பிற பாம்புகளும் உண்ணும். ஆதலால், மறைவிடம் இல்லாத வெட்டவெளி அதற்கு ஆபத்தான இடமே. அச்சத்தில் இருக்கும் பாம்பு உண்ணாது. இங்குக் குறை பெட்டியின் அளவில் இல்லை. அதன் வெறுமையில்தான் உள்ளது. உடல் சுவரில் உராயும்படி நுழையக்கூடிய இரண்டு இறுக்கமான பதுங்கிடங்களும், இடையில் இலைகளும் மரப்பட்டைகளும் இருந்தால் பெரிய பெட்டியிலும் குட்டி அமைதி கொள்ளும்.

பதுங்கிடம் ஏன் இரண்டு? பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இரை செரிக்க வெப்பமான இடத்தையும், பிறகு குளிர்ந்த இடத்தையும் அது நாடும். பெட்டியின் ஒரு முனை ஏறத்தாழ 31 பாகை செல்சியஸ், மறுமுனை 26 பாகை என இருத்தல் வேண்டும். ஒரு முனையில் மட்டும் பதுங்கிடம் இருந்தால், பாம்பு மறைவுக்காக வெப்பத்தைத் துறக்கும். அல்லது வெப்பம் மிகுந்தும் வெளியே வராது.

குளிர்நாட்டு நூல்கள் பெட்டியைச் சூடாக்கும் வழிகளையே விரிவாகக் கூறும். ஈப்போவில் நிலைமை வேறு. பகல் வெப்பநிலை 33 பாகையை எட்டும் ஊரில், சன்னலோரம் வைத்த கண்ணாடிப் பெட்டி நண்பகலில் அடுப்பாகிவிடும். குளிர்சாதன வசதியுள்ள அறையிலோ இரவில் சூடூட்டும் தகடு தேவைப்படலாம். அத்தகட்டை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன்தான் இணைக்க வேண்டும். தோல் சுடும் அளவுக்குச் சூடேறினாலும் மலைப்பாம்பு விலகாமல் படுத்துக் கிடப்பதுண்டு. நம் காற்றில் ஈரப்பதமும் மிகுதி என்பதால், காற்றோட்டத் துளைகள் போதாத பெட்டியில் அடித்தளம் நனைந்தே கிடந்து, வயிற்றுச் செதில்களில் புண் உண்டாகும்.

குட்டிக்கு 60 சென்டிமீட்டர் நீளப் பெட்டி தொடக்கத்தில் போதும். பாம்பு நீட்டிப் படுக்க இயலாத நிலை வருமுன் பெட்டியை மாற்ற வேண்டும். வளர்ந்த பாம்புக்கு 120 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம் தேவை. புதிய பெட்டியின் வெப்பநிலையைச் சில நாள் அளந்து பார்த்த பின்னரே பாம்பை மாற்றுதல் வேண்டும். பழைய பதுங்கிடத்தையும் அடித்தளத்தில் ஒரு பகுதியையும் உடன் வைத்தால், தன் வாடையை உணர்ந்து அது விரைவில் பழகும். இரை விழுங்கிய உடனே மாற்றினால் கக்கிவிடும். மாற்றிய பிறகு ஒரு வாரம் அதனைத் தொடாமல் விடுவது நலம்.

பூட்டு எளிய பொருள்தான். ஆனால் மறக்கப்படுவதும் அதுவே. தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழைந்துவிடும். வரிசை வீடுகளில் ஒரு வீட்டுப் பாம்பு தப்பினால் அண்டை வீட்டாருக்கும் உறக்கம் போய்விடும்.

பந்து மலைப்பாம்பு இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரு பாம்பு, 60 வயதைக் கடந்த பின் 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது. பதினைந்து வயதில் பாம்பு வாங்கிய மாணவர், மேற்படிப்புக்காகக் கோலாலம்பூருக்குப் புறப்படும்போது அந்த 120 சென்டிமீட்டர் பெட்டி வீட்டிலேயே இருக்கும். அதற்கு இரையாகும் உறையவைத்த எலிகள் அம்மாவின் குளிர்பெட்டியில் இருக்கும்.