தொலைவழி ஆய்வுகூடமும் தேடிக் கற்றலும்

எமது கிராமப்புறப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானப் பரிசோதனைகள் கரும்பலகையிலேயே நடந்து முடிகின்றன. ஆசிரியர் உபகரணத்தின் படத்தைக் கீறுவார். மாணவர் அதைப் பார்த்துக் கீறுவர். முடிவையும் ஆசிரியரே சொல்லிவிடுவார். உபகரணம் இல்லை, பாடத்திட்டத்தை முடிக்க நேரம் இல்லை என்பன நாம் வழக்கமாகக் கேட்கும் காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் விளைவு பாரதூரமானது. விஞ்ஞானம் என்பது வேறு யாரோ கண்டறிந்ததை மனனம் செய்வது என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் வேரூன்றிவிடுகின்றது. கேள்வி கேட்பதும் சோதித்துப் பார்ப்பதும் தனக்குரியவை அல்ல என்று அப்பிள்ளை ஒதுங்கிக்கொள்கின்றது.

இக்குறையை ஓரளவு நீக்கக்கூடிய ஒரு வழியாகத் தொலைவழி ஆய்வுகூடத்தை இங்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

தொலைவழி ஆய்வுகூடம் என்றால் என்ன?

ஓரிடத்தில் உண்மையான உபகரணம் ஒன்று கணினியுடன் இணைக்கப்பட்டிருக்கும். வேறோர் இடத்திலுள்ள மாணவர் இணையத்தினூடாக அதற்குக் கட்டளை கொடுப்பர். மோட்டர் உபகரணத்தை நகர்த்தும், உணரிகள் அளவிடும், கமரா நடப்பதைக் காட்டும், அளவீடுகள் மாணவரின் திரைக்கு வந்து சேரும். கணினியில் வரைந்து காட்டும் போலிப் பரிசோதனை இதுவல்ல. போலிப் பரிசோதனையில் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இங்கே விடையைத் தருவது இயற்கை.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் ஹெசூஸ் டெல் அலமோ 1998இல் இத்தகைய ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கினார். நுண் இலத்திரனியல் கருவிகளைத் தொலைவிலிருந்து சோதிப்பதற்காக அது அமைக்கப்பட்டது. பின்னர் இம்முறை பாடசாலைகளுக்கும் வந்தது. ஹவாயிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள இரண்டு மீற்றர் விட்டமுடைய ஃபோக்ஸ் தொலைநோக்கிகளைப் பிரித்தானிய மாணவர் வகுப்பறையிலிருந்தே இயக்கினர். அங்கே பகலாயிருக்கும்போது ஹவாயில் இரவு. ஆகவே பாடசாலை நேரத்திலேயே வானத்தை அவதானிக்க முடிந்தது.

கதிர்த்தொழிற்பாடு: ஓர் உதாரணம்

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரோன்சியம்-90 மூலகமும் கைகர் எண்ணியும் கொண்ட தொலைவழி ஆய்வுகூடம் ஒன்று அமைக்கப்பட்டது. அமெரிக்க உயர்தரப் பாடசாலை மாணவரும் அதைப் பயன்படுத்தினர். கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைச் சாதாரண பாடசாலை ஒன்றில் வைத்துப் பரிசோதிப்பது இலகுவன்று. தூரத்திலிருந்து செய்யும்போது மாணவருக்கு ஆபத்தில்லை.

எண்ணியை எவ்வளவு தூரத்தில் வைப்பது, எத்தனை செக்கன் எண்ணுவது, எத்தனை தடவை திரும்பச் செய்வது என்பவற்றை மாணவரே தீர்மானிக்க வேண்டும். தூரம் இருமடங்கானால் எண்ணிக்கை அரைவாசியாகும் என்று பலர் எதிர்பார்ப்பர். ஆனால் ஏறத்தாழ காற்பங்காகவே குறையும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. அதே தூரத்தில் அதே நேரம் எண்ணினாலும் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும். சராசரி 400 எனில் ஏறத்தாழ 20 அளவுக்கு ஏறியிறங்குவது இயல்பு. “எது சரியான விடை?” என்ற கேள்வி அப்போது வகுப்பில் எழும். பாடநூலின் ஒழுங்கான வரைபு இக்கேள்வியை எழுப்புவதில்லை.

பல நாடுகளில் ஓர் ஊசல்

1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே தென் அமெரிக்காவின் கயென் நகருக்குச் சென்றார். பரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமத்திய கோட்டுக்கு அண்மையில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதே காரணம். இன்று போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனம் முன்னின்று உருவாக்கிய உலக ஊசல் திட்டம் இதே ஆய்வை மாணவர் கைக்குக் கொண்டுவந்துள்ளது. போர்த்துக்கல், ஸ்பெயின், பிரேசில், கொலம்பியா, சிலி முதலிய நாடுகளில் ஒரே வகையான ஊசல்கள் நிறுவப்பட்டன. ஊசலை எவ்வளவு விலக்குவது, எத்தனை அலைவுகளை அளப்பது என்பதை மாணவர் தெரிவுசெய்வர்.

ஈர்ப்பு ஆர்முடுகல் பூமத்திய கோட்டில் 9.780, முனைவுகளில் 9.832 மீற்றர்/செக்கன்² ஆகும். வேறுபாடு ஏறத்தாழ 0.5 சதவீதம் மட்டுமே. ஒரு மீற்றர் நீளமான ஊசலின் நீளத்தை அளப்பதில் ஐந்து மில்லிமீற்றர் பிழைவிட்டால் இவ்வேறுபாடு முழுவதும் மறைந்துவிடும். அளவீட்டில் கவனம் ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

கேள்வி யாருடையது?

உபகரணம் உண்மையானது என்பதால் மட்டும் தேடிக் கற்றல் நிகழ்ந்துவிடாது. “இந்தப் பொத்தானை அழுத்து, இந்த எண்ணை எழுது” என்று ஆசிரியர் கட்டளையிட்டால், அது பழைய கரும்பலகைப் பாடம் திரைக்கு மாறியதாகவே இருக்கும். 2012இல் ஐரோப்பாவில் தொடங்கிய கோ-லாப் திட்டம் இதற்காக ஒரு படிமுறையை வகுத்தது. முதலில் பிரச்சினையை அறிமுகஞ் செய்தல், பின்னர் கேள்வியையும் கருதுகோளையும் உருவாக்கல், பரிசோதித்தல், முடிவுக்கு வருதல், கலந்துரையாடல் என்பன அதன் ஐந்து படிகள். பரிசோதனை மூன்றாவது படி. முதலிரு படிகளுக்கு இணையம் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே ஆசிரியர்கள் கைக்கெட்டிய பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு நூலும் ஒரு கல்லும் ஊசலுக்குப் போதும். கல்லின் பாரத்தைக் கூட்டினால் அலைவு காலம் மாறுமா? நூலைக் குறைத்தால் மாறுமா? மாணவர் முதலில் ஊகத்தை எழுதட்டும், பின்னர் இருபது அலைவுகளுக்கு நேரம் எடுக்கட்டும். “இதே ஊசல் வேறு நாட்டிலும் இப்படித்தான் ஆடுமா?” என்ற கேள்வி எழும்போதே தொலைவழி ஆய்வுகூடம் தேவைப்படுகின்றது.

நடைமுறையில் சில இடர்களும் உண்டு. இத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது வேற்று மொழிகளில் உள்ளன. ஒரே உபகரணத்துக்குப் பலர் காத்திருக்க நேரும். சில ஆய்வுகூடங்கள் நிதி முடிந்ததும் மூடப்படுகின்றன. இவற்றை மனதிற்கொண்டு ஆசிரியர் முன்கூட்டியே தளத்தைத் திறந்து பார்ப்பதும், பொத்தான்களின் பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைப்பதும் உதவும். வகுப்பு முழுவதற்கும் ஒரு கணினி இருந்தாலும் போதுமானது. ஒரு குழு உபகரணத்தை இயக்க, மற்றொன்று அளவீடுகளைப் பதிய, மூன்றாவது வரைபைக் கீறலாம். இணைப்பு கிடைக்காத நாளில், முன்னர் பெற்ற உண்மையான அளவீடுகளை மாணவரிடம் கொடுத்து முடிவு காணச் செய்யலாம்.

உபகரணம் இல்லாமை எமது பிள்ளைகளின் குற்றமன்று. அரசும் கல்வித் திணைக்களங்களும் கிராமத்துக்கு ஆய்வுகூடம் தரவேண்டிய பொறுப்பு, தூரத்து ஆய்வுகூடம் ஒன்று இருப்பதால் நீங்கிவிடாது. அது வரும்வரை கேள்வி கேட்கும் பழக்கத்தை வகுப்பறையில் வளர்ப்பது எம் எல்லோருக்கும் இயலும்.