பழைய உத்திரங்களும் மடக்குக் கம்பிகளும்

வைகை அணை திறக்கப்பட்ட 1959-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கான்கிரீட் உத்திரம் வார்த்த முறை வேறு; இன்றைய முறை வேறு. அக்காலத்துப் பள்ளி, கிடங்கு ஆகியவற்றின் மேல் மாடி எடுக்கவோ, தண்ணீர்த் தொட்டி வைக்கவோ தீர்மானம் நிறைவேற்றுமுன், ஆண்டிபட்டி வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது.

பாரம் ஏறினால் உத்திரம் நடுவில் தாழ்கிறது. அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவேதான் அடியில் கம்பி இடுகிறோம். சுவரை நெருங்கும் இடத்திலோ நிலைமை மாறுகிறது. பாரம் கீழே தள்ள, சுவர் மேலே தாங்க, இரண்டிற்கும் இடையே உத்திரம் வெட்டுண்ணப் பார்க்கிறது. பொறியாளர் இதனை வெட்டு விசை என்பர். இதனால் உண்டாகும் வெடிப்பு, சுவரருகே அடியில் தோன்றி, நடுப்பகுதியை நோக்கிச் சாய்வாக மேலேறும்.

அடிக்கம்பிகள் அனைத்தும் சுவர்வரை தேவைப்படுவதில்லை. ஆதலால் முன்னோர், சில கம்பிகளைச் சுவரை நெருங்குமுன் சாய்வாக மடக்கி மேலே கொண்டு சென்றனர். கம்பி கட்டுவோர் இதனைக் கிராங்க் கம்பி என்பர். அது சாய்ந்த வெடிப்பைக் குறுக்கே கடந்து இறுகப் பிடிக்கும். இரும்பை மிச்சப்படுத்திய நல்ல முறைதான் இது.

ஆனால் குறையும் உண்டு. மடக்குக் கம்பி ஓரிரண்டு இடங்களில் மட்டுமே காவல் நிற்கிறது. வெடிப்பு வேறிடத்தில் தோன்றினால் தடுப்பாரில்லை. 'ரிங்' எனப்படும் வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டினால் நெடுகிலும் காவல் கிடைக்கும். 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஷெல்பி நகரிலிருந்த விமானப்படைக் கிடங்கின் கூரை ஒரு பகுதி இடிந்தது. உத்திரம் உடைந்த இடத்தில் வளையக் கம்பி இல்லை. கான்கிரீட் சுருங்கியதால் விளைந்த இழுவையும் சேர்ந்தது. தன் எடையையே கூரை தாங்கவில்லை.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, வெட்டு விசைக்கென இடும் கம்பிகளின் வலிமையில் பாதிக்கு மேல் மடக்குக் கம்பியைக் கணக்கிடலாகாது என வரையறுத்தது. வளையங்களின் இடைவெளி 300 மில்லிமீட்டரை மீறலாகாது என்றும் விதித்தது.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? உத்திரத்தின் நடுவில் மயிரிழை போன்ற நேர் வெடிப்பு கண்டால் அஞ்ச வேண்டுவதில்லை. அது அகலுகிறதா என்று கவனித்தால் போதும். சுவரருகே சாய்ந்த வெடிப்பு கண்டாலோ, சிமெண்டு பூசி மறைத்தல் பெருந்தீங்கு. இவ்வகை முறிவு முன்னறிவிப்பின்றி நேரும். உடனே அறையைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, ஒன்றியப் பொறியாளருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

குழாய் பதிக்கவோ மின்கம்பி செலுத்தவோ சுவரருகே உத்திரத்தைக் குடையலாகாது. மேலே தென்படும் கம்பியை வீண் என்று எண்ணி அறுக்கலாகாது. மடக்கி ஏற்றிய காவற்கம்பி அதுவாக இருக்கலாம். 1,000 லிட்டர் நீர் 1,000 கிலோ எடை உடையது. அப்பாரம் எந்த உத்திரத்தின் மேல் விழும் என்று வினவாமல் எந்த உறுப்பினரும் தொட்டிக்கு இசைவளித்தல் கூடாது. அக்கூரையின் கீழ் அமர்ந்திருப்போர் நம் ஊர்க் குழந்தைகள் அல்லவா?