நீருக்கு வழிவிடும் வீடுகள்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் குக்குப் என்னும் மீனவர் கிராமம் உள்ளது. இங்குப் பல வீடுகள் கடலோரச் சேற்றில் ஊன்றிய தூண்களின்மேல் நிற்கின்றன. கடல் ஏறும்போது நீர் வீட்டுக்கு அடியில் ஓடும். இறங்கும்போது சேறுதான் தெரியும்.

கிராமத்துக்கு எதிரே, மக்கள் குடியிராத குக்குப் தீவு இருக்கிறது. ஏறத்தாழ 647 ஹெக்டர் பரப்புள்ள இத்தீவு ஒரு சதுப்புநிலக் காடு. 2003ஆம் ஆண்டு இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கு வளரும் பாக்காவ் மரத்துக்கும் தூண்கள் உண்டு! அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும் வேர்களே அவை. அவற்றினிடையே புகும் அலை வேகம் குறைகிறது, வண்டலும் படிகிறது.

வீட்டுத் தூண்கள் நீருக்கு வழிவிடும். ஆனால், அலையை அடக்கா. அந்த வேலையைத் தீவுக்காடே செய்கிறது. காடு அழிந்தால் தூண்களை உயர்த்தி மட்டும் பயனில்லை.

உள்நாட்டிலும் இதே சிக்கல்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. தாழ்நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டிய வீடு வெள்ளத்திலிருந்து தப்பலாம். ஆனால், அங்குத் தேங்கவேண்டிய நீர் பக்கத்து வீட்டுக்குள் புகும். தூண்களின்மேல் நிற்கும் பழைய மலாய்க் கம்பத்து வீடோ, அந்த நீரைத் தன் அடியிலேயே தங்கவிடுகிறது.