குருத்தோலையில் ஒரு கோடைப் பணி

குருத்து ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக மடித்துப் பாராத பிள்ளை நம் பங்குகளில் அரிது. அவ்விரல்களுக்கு இக்கோடை விடுமுறையில் இன்னும் சற்று வேலை கொடுத்துப் பார்த்தோம். மந்திரித்த ஓலையில் அன்று; நுங்கு வெட்ட வந்தவர் தந்த வேறு பனங்குருத்தில்.

ஈர்க்கை நீக்கி வெயிலில் உலர்த்தினால் ஓலை வெளுக்கும். பின்பு அதை விரலகலத்தில் ஒரே அளவாக வகிர்ந்துகொள்ள வேண்டும். கத்தி வேலை பெரியவர்களுடையது. அளவு பிசகினால் பின்னல் கோணும். முதல் நாள் எங்கள் வீட்டில் நேர்ந்தது அதுவே. முடையுமுன் ஓலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தல் இன்றியமையாதது. காய்ந்த ஓலை மடிக்கையில் ஒடிந்துவிடும்.

நெடுக்கில் பத்து ஓலைகளை அடுக்கி, குறுக்கே பத்தினை ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் கோத்து, நுனிகளைத் திருப்பிச் செருகினால், தண்ணீர்ச் செம்பு வைக்க ஏற்ற சிறு தடுக்கு ஆயத்தம். ஒரு மாலைப் பொழுது போதும்.

பெட்டி முடைவது அத்துணை எளிதன்று. ஓலைப்பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற மணப்பாட்டுப் பெண்களின் கைகளுக்கு அது விளையாட்டு. எங்களுக்கோ மூலையை நிமிர்த்தி மடிக்குமிடம் பிடிபடவே இல்லை. எங்கள் பாட்டியாருக்குப் பார்வை மங்கிவிட்டது. எனினும் மூலை வந்ததும் கண்களை மூடிக்கொண்டு, விரல்களாலேயே மடித்துக் காட்டினார்கள். மூன்று முறை காட்டியும் எங்களுக்கு வரவில்லை. அருகில் அமர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமிக்கு வந்துவிட்டது. மறுநாள் அவளிடமே கற்றுக்கொண்டோம்.