பிரேக் ஆயில் எங்கே போச்சு?

விதை, மண், பூச்சி என்று இவ்வளவு பேசுகிறோம். விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றிப் போகிற வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. போன மழைக்காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தாண்டிக்குடிப் பக்கம் என் தோட்டம். மலைவாழைத் தாரும் சௌசௌவும் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் வத்தலக்குண்டுக்கு இறங்குவோம். வண்டி ஒன்பது வருஷப் பழைய பிக்கப். சில வாரங்களாகவே பிரேக் பெடல் மெத்துமெத்தென்று இருந்தது. “ரெண்டு மிதி மிதிச்சா புடிச்சுக்கும் சார்” என்பார் வண்டி ஓட்டும் தம்பி. டப்பாவில் ஆயில் குறையக் குறைய நானும் வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முறை ஊற்றிய மறுநாள், ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. தம்பி பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். தார் நசுங்கியதோடு போச்சு. எதிர்ப்பக்கம் பள்ளம்.

முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன் நான். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் எங்கே போச்சு என்று தேடாமல் வீட்டுக்குப் போனதில்லை. பிரேக் ஆயில் குறைந்தபோது மட்டும் அதைக் கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

பெடல் ஏன் மெத்தென்று ஆகுது?

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைக் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. பெரும்பாலான பிக்கப்பில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், காற்று அமுங்கிக் கொடுக்கும். அதே பம்பில் தண்ணீர் இருந்தால் அசையாது. பிரேக்கும் அப்படித்தான். ஆயில் மட்டும் இருந்தால் பெடல் கல் மாதிரி நிற்கும். காற்றோ நீராவியோ புகுந்தால் மெத்தென்று ஆகிவிடும்.

நாமே பார்த்துக் கண்டுபிடிக்கலாம்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

1. டப்பாவில் ஆயில் மட்டம். பேட் தேயத் தேய மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. சில வாரத்திலேயே இறங்கினால் கசிவுதான்.

2. கசிவு எங்கே? ஒவ்வொரு டயரின் உட்பக்கம், டிரம்மின் பின் தகடு, ரப்பர் ஹோஸ், கேபினுக்குள் பெடல் தண்டு நுழையும் இடம், எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் கசிந்து பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

3. வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள. மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்து இறுகினால், உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பின் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது.

4. அழுத்தி அப்படியே அரை நிமிஷம் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்குது, ஆனால் ஆயில் மட்டம் குறையவே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கும்.

5. மலை இறங்கும்போது மட்டும் மெத்தென்று ஆகி, ஆறியதும் சரியானால், ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 வகைக்கு 230, 155. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது. இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருக்காமல், ஏறிய கியரிலேயே இறங்குவதும் அதற்காகத்தான்.

சரிசெய்வது

எங்கள் வண்டியில் பின் இடது வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூ முழுக்க ஊறிப்போயிருந்தது. ஊறிய ஷூவைக் கழுவிப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் ஷூ, வீல் சிலிண்டர் மாற்றினோம். இதெல்லாம் மெக்கானிக் வேலை. கசிவை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் பத்தே நாளில் பழையபடி ஆகிவிடும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டிக் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கணும். இல்லையென்றால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி வருவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். இடையில் டப்பா காலியாகவே கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டி, பின் அச்சில் சுமைக்கேற்ற வால்வு உள்ள வண்டி என்றால் பட்டறைக்கே விடுங்கள்.

திறந்து நாளான ஆயில், பாட்டிலில் வடித்த பழைய ஆயில் வேண்டாம். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது, ரப்பர் எல்லாம் உப்பிவிடும். மாற்றிய பிரேக் ஆயிலை வரப்பில் கொட்டாதீர்கள், மண்ணுக்கு விஷம். பட்டறையில் கழிவாகச் சேர்க்கக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். லோடு ஏற்றும் முன் தம்பி பெடலை அழுத்தி அரை நிமிஷம் பிடிப்பார், நான் பானெட்டைத் தூக்கி மட்டம் பார்ப்பேன். பெடல் இறங்கினாலோ மட்டம் குறைந்தாலோ அன்றைக்கு வண்டி கிளம்பாது. தார் ஒருநாள் காத்திருக்கும். பழுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடட்டும்.